இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு கேமிங் பிசி: கார்டை விடுங்கள், முதலில் மதர்போர்டைப் பாருங்கள்

இரண்டு கார்டு போட்டு கேமிங் பிசி கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கார்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கையில் ஒரு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இருக்கும். செகண்ட் ஹாண்டில் இன்னொன்று மலிவாக வரும். இரண்டையும் செருகினால் ஆச்சு என்று தோன்றும். ஆனால் இரண்டாவது கார்டுக்குக் கொடுக்கும் காசு சின்னச் செலவு. அதற்கு லேன் (கார்டுக்குத் தகவல் போய்வரும் பாதை) பிரித்துக் கொடுக்கும் மதர்போர்டு, இரண்டுக்கும் கரன்ட் தாங்கும் எஸ்எம்பிஎஸ், சூட்டை வெளியே தள்ளும் கேபினெட், இந்த மூன்றும்தான் பர்ஸையும் பொறுமையையும் காலி செய்யும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைக்குப் புது கேம்களை ஆடுவதற்காகப் புதுக் காசு போடுகிறீர்கள் என்றால், அத்தனையும் ஒரே நல்ல கார்டில் போடுங்கள். இரண்டு கார்டைச் சேர்த்து ஒரே கேமை ஓட்ட 2004இல் என்விடியா ஜிஃபோர்ஸ் 6 வரிசையோடு கொண்டுவந்த எஸ்எல்ஐ, இப்போது நடைமுறையில் முடிந்துபோன கதை. பழைய டிரைவர் வழி எஸ்எல்ஐக்குப் புது கேம் புரொஃபைல் சேர்ப்பதை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090 வகைக்கு மட்டும், இரண்டு கார்டையும் இணைக்கும் பிரிட்ஜை மாட்டுகிற முனை இருந்தது. 4090இல் அதுவும் இல்லை. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 5700 வந்தபோதே எஸ்எல்ஐ மாதிரியான கிராஸ்ஃபயர் போய்விட்டது.

அப்படியானால் யாருக்கு இது? 2010களின் கேம்களை 4கே திரையில் முழு செட்டிங்கில் ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு. பழைய ஹார்டுவேர் மேல் பிரியம் உள்ளவர்களுக்கு. ஒரு கார்டு ஏற்கெனவே சும்மா கிடக்கிறது என்பவர்களுக்கு. இன்னொரு வகையும் உண்டு, அது கடைசியில்.

எந்த ஜோடி

முதல் முறை கட்டுபவருக்கு நான் சொல்வது இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017இல் வந்த கார்டு, 11 ஜிபி மெமரி, 250 வாட். 1080, 1070 இரண்டுக்கும் எஸ்எல்ஐ உண்டு. 1060க்குக் கிடையாது, மேல் விளிம்பில் பிரிட்ஜ் மாட்டும் தங்கப் பல்லே இருக்காது. வாங்கும் முன் அந்த விளிம்பைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் 2070 சூப்பர், 2080, 2080 சூப்பர், 2080 டிஐ நான்குக்கு மட்டும் என்விலிங்க் என்கிற புதுவகை எஸ்எல்ஐ இணைப்பு உண்டு. சாதா 2070க்கு இல்லை.

இரண்டும் ஒரே கம்பெனித் தயாரிப்பாக இருக்க வேண்டியதில்லை. சிப்பும் மெமரி அளவும் ஒன்றாக இருந்தால் போதும். கிளாக் வேகம் வேறுபட்டால் பெரிய சேதமில்லை, மெதுவான கார்டின் வேகத்துக்குத்தான் ஜோடி ஓடும். அதனால் ஒன்றுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுத்து ஓவர்கிளாக் மாடல் வாங்குவது வீண்.

இரண்டு கார்டின் மெமரி ஒன்றாகச் சேராது. 11ம் 11ம் சேர்ந்து 22 ஆகும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இரண்டு கார்டும் மாறி மாறி ஒவ்வொரு பிரேமை வரைகின்றன. அதற்கு அதே டெக்ஸ்சர், அதே மாடல் இரண்டிலும் இருந்தாக வேண்டும். கேமுக்குக் கிடைப்பது 11 ஜிபிதான்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசையான பாஸ்கல் தலைமுறைக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 580 டிரைவர் கிளைதான் இதற்குக் கடைசி. 2025 அக்டோபருக்குப் பிறகு புது கேம்களுக்கான கேம் ரெடி டிரைவர் கிடையாது, 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். பழைய கேம் ஆடுபவருக்கு இது தலைபோகிற பிரச்சினை இல்லை.

மதர்போர்டு: லேனும் இடைவெளியும்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு தெரியும். ஆனால் நீளம் என்பது வெறும் பிளாஸ்டிக். உள்ளே எத்தனை லேன் ஓடுகிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

சாதாரண இன்டெல் பிராசசரில் கிராஃபிக்ஸுக்கு 16 லேன். ஒரு கார்டு போட்டால் 16ம் அதற்கே. இரண்டு போட்டால் நல்ல போர்டு அதை எட்டு எட்டாகப் பிரிக்கும். இப்படிப் பிரிப்பதற்கு போர்டில் தனியாக ஸ்விட்ச் சிப்கள் வேண்டும். விலை குறைந்த போர்டில் அவை இருக்காது. அங்கே இரண்டாவது நீள ஸ்லாட் பிராசசரிலிருந்து அல்லாமல் போர்டின் சிப்செட்டிலிருந்து 4 லேன் மட்டும் வாங்கும். என்விடியா எஸ்எல்ஐக்கு ஒவ்வொரு கார்டுக்கும் குறைந்தது 8 லேன் கேட்கிறது. 4 லேன் போர்டில் கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ ஆப்ஷனே வராது. ஏஎம்டியின் கிராஸ்ஃபயர் 4 லேனிலும் ஓடும் என்பதால், பெட்டியில் கிராஸ்ஃபயர் முத்திரை இருந்து எஸ்எல்ஐ முத்திரை இல்லை என்றால் அது 4 லேன் போர்டு என்று கிட்டத்தட்ட முடிவுகட்டிவிடலாம்.

1080 டிஐ ஜோடிக்குப் பொருத்தமானது இசட்370 அல்லது இசட்390 சிப்செட், அதில் எஸ்எல்ஐ அனுமதி உள்ள மாடல். ஏஎம்டி வேண்டுமானால் எக்ஸ்470, எக்ஸ்570இல் எட்டு எட்டு பிரிக்கும் மாடல்கள். பி450 வேண்டாம். விற்பவர் சொல்லை நம்பாதீர்கள். போர்டின் மேனுவலை இறக்கி, ஸ்லாட் பக்கத்தில் இரண்டு கார்டு போட்டால் எவ்வளவு என்கிற அட்டவணையைப் பாருங்கள். அதே பக்கத்தில் எம்.2 பற்றிய அடிக்குறிப்பும் இருக்கும். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஏதாவது ஒரு பிசிஐ ஸ்லாட் அணைந்துவிடும், அல்லது பாதி லேனை இழக்கும். இரண்டாவது கார்டைக் காணோம் என்று கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் எஸ்எஸ்டியை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது இடைவெளி. ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் 20.32 மில்லிமீட்டர். இரண்டு முக்கிய ஸ்லாட்டும் மூன்று இடம் தள்ளி இருக்கும் போர்டுகள் அதிகம், அதாவது சுமார் 60 மில்லிமீட்டர். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் என்றால் நடுவே ஒரு ஸ்லாட் காற்றுக்கு மிஞ்சும். மூன்று ஃபேன் வைத்த பெரிய மாடல்கள் இரண்டரை ஸ்லாட் தடிமன் இருக்கும். அவற்றைப் போட்டால் மிஞ்சுவது விரலளவு. மேல் கார்டு மூச்சுத் திணறும். மூன்று ஸ்லாட் தடிமன் கார்டு இரண்டு என்றால் இந்த போர்டுகளில் காற்றுக்கு இடமே மிஞ்சாது.

இந்த இடைவெளிதான் பிரிட்ஜையும் முடிவு செய்கிறது. பாஸ்கலுக்கு எச்பி பிரிட்ஜ் என்ற கெட்டியான வகை உண்டு. இரண்டு கார்டின் இரண்டு பல் வரிசையையும் ஒரே நேரத்தில் இணைக்கும். பழைய வளையும் ரிப்பன் பிரிட்ஜ் 1440பி, 60 ஹெர்ட்ஸ் வரை சமாளிக்கும். 4கே ஆடப்போகிறீர்கள் என்றால் எச்பியே வாங்குங்கள். அளவு 40, 60, 80 மில்லிமீட்டர் என்று மூன்று. ஒரு குழப்பம்: சிலர் 60 மில்லிமீட்டரை மூன்று ஸ்லாட் என்பார்கள், சிலர் நடுவில் மிஞ்சும் காலியிடத்தை எண்ணி ஒரு ஸ்லாட் என்பார்கள். பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள். பழைய பிரிட்ஜ் கிடைப்பது இப்போது கார்டு கிடைப்பதைவிடக் கஷ்டம். அதைக் கையில் வாங்கிய பிறகு இரண்டாவது கார்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

கரன்ட்

கணக்கு எளிது. இரண்டு கார்டுக்கு 500 வாட். ஐ7-8700கே மாதிரிப் பிராசசர் முழு வேகத்தில் 150 வரை எடுத்துக்கொள்ளும். ஃபேன், எஸ்எஸ்டி, ரேம் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 700. ஆனால் கார்டுகள் நொடியின் சின்னப் பங்கில் தங்கள் 250ஐத் தாண்டி எகிறும். அந்த எகிறலில் சிக்கனமான எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். டெஸ்க்டாப்பில் நாள் முழுக்க ஓடி, கேம் தொடங்கிய சில நிமிடத்தில் திடீரென்று மொத்தமும் அணைந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஆகவே 850 வாட் குறைந்தபட்சம். ஓவர்கிளாக் மாடல் கார்டுகள் என்றால் 1000. ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 70 ஆம்பியர் என்றிருந்தால் அது 840 வாட், நேர்மையான 850 யூனிட். 850 என்று பெட்டியில் எழுதி 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் மட்டும் காட்டினால் உண்மையில் அது 600 வாட் சரக்கு.

வயர் எண்ணிக்கையும் முக்கியம். 1080 டிஐயின் ஃபவுண்டர்ஸ் (என்விடியாவின் சொந்த) மாடலுக்கு ஒரு 8 பின், ஒரு 6 பின். மற்ற கம்பெனி மாடல்கள் பலவற்றுக்கு 8 பின் இரண்டு. ஜோடிக்கு நான்கு இணைப்பு வேண்டும். ஒரே வயரில் இரண்டு தலை தொங்கும் வகையை ஒரு கார்டின் இரண்டு சாக்கெட்டிலும் மாட்டுவது ஓடத்தான் செய்யும், ஆனால் ஒரே வயரில் முழுச் சுமையும் போகும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் இழுங்கள். நான்கு தனி வயர் வராத யூனிட் இந்த வேலைக்கு ஆகாது. மோலக்ஸிலிருந்து (பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கான 4 பின் முனை) 8 பின்னாக மாற்றும் அடாப்டரைக் கனவிலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, உரத்துச் சொல்ல வேண்டியது: கழற்றி மாட்டும் மாடுலர் வயர்களை ஒரு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டாதீர்கள். கார்டு பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்க முனையின் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. செருகும்போது பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் கார்டு புகையும். செகண்ட் ஹாண்டில் வயர் இல்லாத யூனிட் மலிவாக வருவதன் ஆபத்து இதுதான்.

வீட்டு யூபிஎஸ் பக்கமும் பார்வை போகட்டும். நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். இந்த மெஷின் கேம் ஓடும்போது சுவரிலிருந்து 780 வாட் வரை இழுக்கும். கரன்ட் போன அந்த நொடியே யூபிஎஸ் கையை விரித்துவிடும், அது இருந்தும் பிரயோஜனமில்லை. 1500 விஏ எடுங்கள், அதிலும் தூய சைன் அலை தருவதாகப் பாருங்கள். மலிவு யூபிஎஸ்களின் படிக்கட்டு அலையில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரன்ட் இழுப்பைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில சமயம் முரண்டுபிடித்து அணையும். சுவர் சாக்கெட்டுக்கு 6 ஆம்பியர் போதும், 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள்தான் வரும். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸைச் செருகாமல் இருந்தால் சரி.

சூடு

700 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் சூடாக இறங்கும். சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றை மேசைக்கடியில் வைத்த மாதிரி. சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் வெளிக்காற்றே 38 டிகிரியைத் தாண்டும்போது கேபினெட்டுக்குள் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1080 டிஐ தானாக வைத்திருக்கும் வெப்ப வரம்பு 84 டிகிரி. ஆனால் அதற்கு வெகு முன்பிருந்தே, சூடு ஏற ஏற கிளாக்கைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும். மேல் கார்டு எப்போதும் கீழ்க் கார்டைவிடச் சூடாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது இழுப்பது கீழ்க் கார்டின் பின்தட்டில் பட்டுச் சூடேறிய காற்று. இதனால் ஒற்றைக் கார்டுக்கு மட்டமானது என்று ஒதுக்கப்படும் புளோயர் வகை இங்கே ராஜா. ஒற்றை ஃபேன் காற்றை உருட்டிப் பின்பக்க ஜன்னல் வழியாகக் கேபினெட்டுக்கு வெளியே தள்ளிவிடும். சத்தம் அதிகம், அதற்கு ஹெட்போன்தான் வழி. ஒரு புளோயர், ஒரு திறந்த ஃபேன் கார்டு என்று கலந்து கிடைத்தால் புளோயரை மேலே போடுங்கள்.

கேபினெட்டின் முன்பக்கம் வலைக் கண்ணாக இருக்கட்டும். முன்னால் கண்ணாடி மூடிய அழகுப் பெட்டிகள் இந்த வேலைக்கு ஒத்துவராது. முன்னால் 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டோ மூன்றோ உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று, மேலே ஒன்று வெளியே தள்ள. வாங்கும் முன் ஸ்லாட் எண்ணிக்கையைப் பாருங்கள். வழக்கமான ஏடிஎக்ஸ் பெட்டியில் ஏழு. இரண்டாவது கார்டு கடைசி ஸ்லாட்டில் விழும் போர்டு என்றால், இரண்டு ஸ்லாட் தடிமனுக்கு எட்டாவது ஸ்லாட் வேண்டும், இல்லையேல் எஸ்எம்பிஎஸ் மூடி இடிக்கும். அதே இடத்தில்தான் போர்டின் கீழ் விளிம்பில் முன்பக்க யூஎஸ்பி, ஆடியோ, பவர் பட்டன் வயர்கள் செருகப்படும். கீழ்க் கார்டு அவற்றின் தலைமேல் உட்காரும். வயர்களை முதலில் செருகி மடித்துவிட்டு அப்புறம் கார்டைப் போடுங்கள்.

பிராசசரும் ரேமும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ7-8700கே அல்லது ஐ9-9900கே, 16 ஜிபி ரேம் குச்சி இரண்டு, இரட்டைச் சேனலில். 1080பி திரைக்கு இந்த ஜோடி வேண்டவே வேண்டாம். அங்கே பிராசசர்தான் முட்டுக்கட்டையாக நிற்கும், இரண்டாவது கார்டு வேலையில்லாமல் தூங்கும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

ரிச்சி ஸ்ட்ரீட் கடையோ ஆன்லைன் விளம்பரமோ, பழைய கார்டை ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட் புரோகிராமைத் திறந்து பாருங்கள்: 1080 டிஐ என்றால் 3584 ஷேடர், 352 பிட் பஸ், 11 ஜிபி. வேறு சிப்பில் பயாஸை மாற்றி எழுதி விற்கும் போலிகள் உண்டு, இந்த மூன்று எண்ணில் மாட்டிக்கொள்ளும். பிறகு அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். திரையில் புள்ளிகளோ கட்டங்களோ மின்னினால் மெமரி போய்விட்டது. ஃபேன் கரகரத்தால் பேரம் பேசலாம், மெமரி போனால் பேரமே வேண்டாம். பிரிட்ஜ் மாட்டும் பல்லில் கறுப்பு படிந்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கச் சொல்லிப் பாருங்கள். தேய்ந்து செம்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். ஒரு கார்டை மட்டும் மேல் ஸ்லாட்டில் போட்டு டிரைவர் ஏற்றி ஓட்டுங்கள். அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். இரண்டும் தனித்தனியே தேறிய பிறகு, பிரிட்ஜ் இல்லாமல் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஜிபியூ-இசட்டில் ஒவ்வொன்றுக்கும் பிசிஐ 3.0, 8 லேன் என்று காட்டுகிறதா பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும், அது மின்சிக்கனம். பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சின்னச் சுமை கொடுத்தால் 3.0க்கு ஏறும். எல்லாம் சரி என்றால் அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜை இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி மாட்டுங்கள். மானிட்டர் மேல் கார்டில். என்விடியா கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ பக்கத்துக்குப் போய் 3டி வேகத்தை அதிகப்படுத்தும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பிரவுசர் முதலான புரோகிராம்களை மூடச் சொல்லி அடம்பிடிக்கும், மூடிவிடுங்கள். ஆப்ஷனே வரவில்லை என்றால் பிரிட்ஜ் சரியாக உட்காரவில்லை, அல்லது போர்டு அனுமதி இல்லாதது.

கேமுக்குள் முழுத்திரை முறையைத் தேர்ந்தெடுங்கள். பார்டர்லெஸ் விண்டோவில் எஸ்எல்ஐ பெரும்பாலும் வேலை செய்யாது. ஜிடிஏ 5, பழைய டைரக்ட்எக்ஸ் 11 பதிப்பில் விட்சர் 3 ஆகியவை ஜோடிக்கு நன்றாக வேலை கொடுக்கும். டைரக்ட்எக்ஸ் 12இல் டிரைவர் விலகிக்கொள்கிறது, கேமே இரண்டு கார்டையும் கவனிக்க வேண்டும். ஷேடோ ஆஃப் த டூம்ப் ரைடர், ஸ்ட்ரேஞ்ச் பிரிகேட், டைரக்ட்எக்ஸுக்கு மாற்றான வல்கனில் ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 போன்ற கொஞ்சம்தான் அதைச் செய்தன. அன்ரியல் எஞ்சின் 4 கேம்களில் எதிர்பார்ப்பே வேண்டாம். அவை போன பிரேமின் தகவலை எடுத்து இந்தப் பிரேமை வரைகின்றன. போன பிரேம் அடுத்த கார்டில் இருக்கிறது. அதை வரவழைத்துக் காத்திருப்பதிலேயே லாபம் கரைந்துவிடும். அந்தக் கேம்களுக்கு மட்டும் எஸ்எல்ஐயை அணைத்து ஒற்றைக் கார்டில் ஆடுங்கள், வேகம் அதிகமாகவும் வாய்ப்பு உண்டு.

நொடிக்கு எத்தனை பிரேம் என்கிற எண்ணிக்கை சில சமயம் 90 காட்டும், கண்ணுக்கு 50 மாதிரித் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர் என்கிற நோய் அது. இரண்டு கார்டும் பிரேமைச் சீரான இடைவெளியில் தராமல் அடுத்தடுத்து இரண்டு, அப்புறம் ஒரு தாமதம் என்று தள்ளுவதால் வருவது. ஜோடி தாராளமாகத் தரக்கூடிய வேகத்துக்குச் சற்றுக் கீழே பிரேம் லிமிட் வைத்தால் பெரிதும் அடங்கும்.

மலிவான இன்னொரு வழி

மேலே சொன்ன ரகளை எதுவும் வேண்டாம், ஆனாலும் பழைய கார்டுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பவர்கள் ஸ்டீமில் விற்கும் லாஸ்லெஸ் ஸ்கேலிங் புரோகிராமைப் பார்க்கலாம். பெரிய கார்டு கேமை வரையும், சின்னக் கார்டு இடைப்பட்ட பிரேம்களை உருவாக்கித் திரைக்கு அனுப்பும். பிரிட்ஜ் வேண்டாம், ஒரே ரகக் கார்டு வேண்டாம், என்விடியாவும் ஏஎம்டியும் கலக்கலாம். 8 லேனும் வேண்டாம். ஆனால் வரைந்த ஒவ்வொரு பிரேமும் பிசிஐ வழியாக அடுத்த கார்டுக்குப் போயாக வேண்டும். ஒரு 4கே பிரேம் சுமார் 33 எம்பி. நொடிக்கு 60 என்றால் 2 ஜிபி. பி450 போர்டின் இரண்டாவது ஸ்லாட் பிசிஐ 2.0, 4 லேன், ஏட்டளவில் மொத்தமே 2 ஜிபிதான், திணறும். பி550இல் அதே ஸ்லாட் 3.0, கிட்டத்தட்ட 4 ஜிபி, தாராளம். 1440பி பிரேம் 15 எம்பிக்குள் என்பதால் நொடிக்கு 100 பிரேம் ஒன்றரை ஜிபியில் அடங்கிவிடும். 1 லேன் ஸ்லாட்டில் ரைசர் (ஸ்லாட்டை நீட்டும்) வயர் போட்டு இழுப்பது வேண்டாம்.

இங்கே மானிட்டர் வயர் சின்னக் கார்டில் இருக்க வேண்டும், எஸ்எல்ஐக்கு நேர் எதிர். பெரிய கார்டிலேயே விட்டுவிட்டால் பிரேம் போய்த் திரும்பி வரும், இரட்டைச் சுமை. விண்டோஸ் 11இல் டிஸ்பிளே செட்டிங்கின் கிராஃபிக்ஸ் பகுதியில் கேமுக்குப் பெரிய கார்டைக் குறித்துவிட்டு, புரோகிராமுக்குள் சின்னக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் இரண்டு கார்டும் உழைக்கின்றனவா பாருங்கள். பெரியது சும்மா இருந்து சின்னது 100 சதவீதத்தில் தவித்தால் கேம் தவறான கார்டில் ஓடுகிறது என்று அர்த்தம். செட்டிங்கை மாற்றியதும் கேமை மூடித் திறக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது மாறாது.